பறவை ஆர்வலர் குழுவின் முதல் பணி எது? கூட்டுப்பெட்டி, வாழிடம், கணக்கெடுப்பு: ஓர் ஒப்பீடு

ஒரு பறவை ஆர்வலர் குழு தொடங்கி இரண்டு மூன்று மாதங்கள் ஆனதும் அதன் கூட்டத்தில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "பார்த்துக்கொண்டே இருந்தால் போதுமா? பறவைகளுக்கென்று ஏதாவது செய்ய வேண்டாமா?" கேட்பவரின் அக்கறை உண்மையானது. ஆனால் அதற்கு வரும் பதில்கள் குழுவை ஆளுக்கொரு பக்கம் இழுக்கத் தொடங்குகின்றன. ஒருவர் சிட்டுக்குருவிகளுக்குக் கூட்டுப்பெட்டி மாட்டலாம் என்பார். மற்றவர் மரம் நடலாம் என்பார். முறையாகக் கணக்கெடுக்கலாம் என்று ஒருவரும், பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகலாம் என்று இன்னொருவரும், மாடியில் தானியமும் தண்ணீரும் வைக்கலாம் என்று வேறொருவரும் சொல்வார்கள். இவற்றில் தவறான எண்ணம் என்று ஒன்றுமில்லை. ஆனால் அத்தனையையும் ஒரே ஆண்டில் தொடங்கிவிட்டு, எதையும் நிலைநிறுத்த முடியாமல் களைத்துப்போன குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஒன்றில் இருந்தும் இருக்கிறேன். ஆகவே எதை முதலில் எடுப்பது, எதைப் பிறகு எடுப்பது, எதை எடுக்காமலே விடுவது என்பதை உட்கார்ந்து யோசிப்பதற்காகவே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

யோசிப்பதற்கு முன் கையிருப்பைக் கணக்குப் பார்த்துவிட வேண்டும். குழுவின் வாட்ஸ்அப்பில் நாற்பது பெயர்கள் இருக்கலாம். விடியற்காலை ஐந்தரை மணிக்கு வந்து நிற்பவர்கள் ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள். அந்த ஐந்தாறு பேரிடமும் மாதத்தில் இரண்டு காலைப்பொழுதுகள் இருக்கும். பணம், கருவி, அனுமதி ஆகியவற்றைவிட இந்தக் காலைப்பொழுதுகளே ஒரு குழுவின் உண்மையான செல்வம். அதை எதில் செலவிடுவது என்று முடிவெடுக்கப் பலரும் கேட்கும் கேள்வி, "இதனால் பறவைகளுக்கு எவ்வளவு நன்மை?" என்பது. அது தேவையான கேள்விதான் என்றாலும் அதைவிடப் பயன்படும் இன்னொரு கேள்வி உண்டு என்று ஆண்டுகள் செல்லச் செல்ல எனக்குத் தோன்றியிருக்கிறது: நாளை இந்தக் குழு கலைந்துபோனால், அதுவரை செய்ததில் என்ன மிஞ்சும்? வேலை மாற்றம், தேர்வு, பெற்றோரின் உடல்நலம் என்று ஏதோ ஒரு காரணத்தால் ஆட்கள் விலகுவது எந்தக் குழுவுக்கும் நேர்வதுதான். பாதியில் நின்றாலும் பயன் தரும் பணிகள் உண்டு; பாதியில் நின்றால் தீங்காக மாறும் பணிகளும் உண்டு. இந்த வேறுபாட்டை அளவுகோலாக வைத்தே பின்வருவனவற்றைப் பார்க்கிறேன்.

எல்லோருக்கும் பிடித்தது கூட்டுப்பெட்டி என்பதால் அதிலிருந்து தொடங்கலாம். கண்ணெதிரே தெரியும் பலன், சிறுவர்களும் சேர்ந்து செய்யக்கூடிய எளிமை, ஒரே நாளில் முடிந்துவிடும் நிறைவு ஆகிய மூன்றும் அதற்கு உண்டு. வெற்றிக் கதையும் உண்டு. வட அமெரிக்காவில் கிழக்கத்திய நீலப்பறவை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெகுவாகக் குறைந்துபோயிருந்தது. பட்டமரங்களும் பழைய மரவேலிக் கம்பங்களும் அகற்றப்பட்டதால் அது கூடு வைக்கப் பொந்துகள் கிடைக்கவில்லை. கிடைத்த பொந்துகளையும் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மைனா இனப் பறவையும் சிட்டுக்குருவியும் பிடித்துக்கொண்டன. தன்னார்வலர்கள் வரிசை வரிசையாகப் பெட்டிகளை வைத்துப் பல ஆண்டுகள் கண்காணித்ததன் பலனாக நீலப்பறவை மீண்டு வந்தது. லாரன்ஸ் செலனி என்பவர் முன்னின்று 1978இல் தொடங்கிய வட அமெரிக்க நீலப்பறவைச் சங்கம் இந்தப் பணியைப் பரவலாக்கியது.

இந்த வெற்றிக்குள் இரண்டு நிபந்தனைகள் அடங்கியிருக்கின்றன. பெட்டி மாட்டுவோர் பெரும்பாலும் அவற்றைக் கவனிப்பதில்லை. முதலாவது, பொந்தில் கூடு வைக்கும் இனங்களுக்கு மட்டுமே பெட்டி பயன்படும். பெரும்பாலான பறவைகள் கிளையிலும் புதரிலும் தரையிலும் கூடு கட்டுபவை. அவற்றுக்குப் பெட்டியால் ஆகப்போவது ஒன்றுமில்லை. இரண்டாவது, பொந்துப் பற்றாக்குறைதான் அந்தப் பறவை குறைந்ததற்குக் காரணம் என்பது தெரிந்திருக்க வேண்டும். உணவு இல்லாமல் குறைந்த பறவைக்கு வீடு கட்டிக் கொடுப்பதால் அது பெருகாது. சிட்டுக்குருவியையே எடுத்துக்கொள்வோம். முதிர்ந்த குருவி தானியம் தின்று வாழும். ஆனால் முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு முதல் நாள்களில் புழுவும் பூச்சியும்தான் வேண்டும். பூச்சியே இல்லாத தெருவில் எத்தனை பெட்டிகள் தொங்கினாலும் குஞ்சு தேறாது. மேலும், இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2020இல் வெளிவந்த அறிக்கை, சிட்டுக்குருவி நாடு முழுவதும் அழிந்துகொண்டிருக்கிறது என்ற பரவலான நம்பிக்கைக்கு மாறாக, அதன் எண்ணிக்கை ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று காட்டியது. நாம் ஒரு பறவையின் மேல் வைத்திருக்கும் பரிவும் அதன் உண்மை நிலையும் எவ்வளவு விலகியிருக்கக்கூடும் என்பதற்கு இது சான்று. அந்த விலகலை வெளிப்படுத்தியது தன்னார்வலர்கள் எழுதி வைத்த பட்டியல்கள் என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெட்டியின் அளவிலும் அக்கறை தேவை. நுழைதுளை சிட்டுக்குருவிக்கு ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சில மில்லிமீட்டர் கூடினாலே வேறு பறவைகள் நுழையும். துளைக்குக் கீழே குச்சி வைப்பது அழகாகத் தெரிந்தாலும், கூட்டைக் கொள்ளையடிக்க வரும் பறவை உட்கார்ந்துகொள்ளவே அது உதவும். வெயில் நேராக விழும் சுவரில் மாட்டிய பெட்டி உள்ளே வெந்துபோகும். இவை எல்லாவற்றையும் சரியாகச் செய்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. நாங்கள் உற்சாகமாக மாட்டிவிட்டு இரண்டு ஆண்டுகள் திரும்பிப் பார்க்காமல் விட்ட பெட்டிகளுள் ஒன்றை ஏணி வைத்து இறக்கித் திறந்தபோது, அடியில் பழைய கூட்டின் மேல் இன்னொரு கூடு கட்டப்பட்டு, துளையின் விளிம்புவரை வைக்கோல் ஏறியிருந்தது. குஞ்சுகள் வெளிப்பக்கத்துக்கு அவ்வளவு நெருக்கமாக இருந்தால் பூனையின் கைக்கு எட்டும். வைக்கோலைக் கிளறியதும் மணல் போல உண்ணிகள் விரலில் ஏறின. மேல்மூலையில் குளவி கட்டியிருந்தது. பொரியாத முட்டை ஒன்று காய்ந்து எடையற்றுக் கிடந்தது. பருவந்தோறும் பெட்டியை இறக்கித் துடைக்க ஆள் இல்லாத குழு, பெட்டி மாட்டாமல் இருப்பதே பறவைக்குச் செய்யும் நன்மை என்று அன்று எனக்குப் புரிந்தது. என் அளவுகோலின்படி, குழு கலைந்தால் தீங்காக மாறும் பணி இது. தன் வீட்டுச் சுவரில் ஒரே ஒரு பெட்டி வைத்து அதைப் பராமரிக்கும் தனிமனிதருக்கு இது பொருந்தும். புதிதாகத் தொடங்கிய குழுவுக்குப் பொருந்தாது.

உணவு வைப்பதைப் பற்றியும் ஏறத்தாழ இதையேதான் சொல்ல வேண்டியிருக்கிறது. பல பறவைகள் ஒரே தட்டில் வந்து உண்ணும்போது நோய் எளிதில் தொற்றும். பிரிட்டனில் 2005ஆம் ஆண்டுவாக்கில் கிரீன்ஃபிஞ்ச் என்ற பச்சை நிறச் சிறுபறவை இனத்தில் தொண்டையைப் பாதிக்கும் ஓர் ஒட்டுண்ணி நோய் பரவத் தொடங்கியது. உணவுத்தட்டுகளிலும் தண்ணீர்த்தொட்டிகளிலும் ஒன்றன் எச்சில் இன்னொன்றுக்குச் சேர்ந்ததே பரவலுக்கு வழியாயிற்று. மிகச் சாதாரணமாகக் காணப்பட்ட அந்தப் பறவை 2021இல் அந்நாட்டில் ஆபத்திலுள்ள பறவைகளின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்படும் அளவுக்குக் குறைந்தது. தண்ணீர் வைப்பவர்கள் நாள்தோறும் தொட்டியைத் தேய்த்துக் கழுவினால் நல்லது. அதுவும் ஒரு வீட்டாரின் வேலையே அன்றிக் குழுவின் வேலை அன்று.

வாழிடத்தைச் சீர்செய்வது இவற்றைவிட ஆழமான பணி. பறவை குறைவதற்கான காரணங்களுள் முதலிடம் வாழிடம் சுருங்குவதற்குத்தான் என்பதால், சரியாகச் செய்தால் இதைப் போல நன்மை தருவது வேறொன்றும் இல்லை. டக் டாலமி என்ற பூச்சியியலாளரும் அவரோடு பணியாற்றியவர்களும் வட அமெரிக்காவின் வீட்டுத் தோட்டங்களில் செய்த ஆய்வுகள் இதை எண்ணிக்கையோடு காட்டுகின்றன. ஏறத்தாழ பத்துக் கிராம் எடையே உள்ள சிக்கடி என்ற சிறு பறவை, ஒரே ஈற்றுக் குஞ்சுகளைப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவர 6,000 முதல் 9,000 வரையிலான கம்பளிப்புழுக்களைத் தேடித் தர வேண்டியிருக்கிறது. அந்தப் புழுக்கள் மண்ணுக்குரிய மரஞ்செடிகளில்தான் போதிய அளவு இருக்கும். வெளியிலிருந்து வந்த அலங்காரச் செடிகளின் இலையை அங்குள்ள பூச்சிகளால் தின்ன முடிவதில்லை. 2018இல் வெளியான அவர்களது ஆய்வு, தோட்டத்துப் பசுமையில் 70 விழுக்காட்டுக்குக் குறைவாக நாட்டுத் தாவரங்கள் இருக்கும் இடங்களில் இந்தப் பறவையால் தன் தொகையைத் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை என்று கண்டது. பச்சையாக இருக்கிறது என்பதாலேயே ஓரிடம் பறவைக்கு உகந்ததாகிவிடாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஆனால் வாழிடப் பணியில் தவறு செய்வதும் எளிது. தவறைத் திருத்துவதோ கடினம். பலருக்கு வாழிடம் என்றாலே மரம்தான் நினைவுக்கு வரும். புல்வெளியில் மரம் நட்டால் தரையில் கூடு வைக்கும் வானம்பாடியும் நெட்டைக்காலியும் அவ்விடத்தை விட்டுப் போகும்; வல்லூறு உட்கார்ந்து பார்க்க ஒரு கிளை கிடைத்துவிட்டதே அதற்குப் போதுமான காரணம். குளத்தைத் தூர்வாருகிறோம் என்று கரையைச் செங்குத்தாக வெட்டிவிட்டால், விரலளவு ஆழத்தில் சேற்றைக் கிளறி இரை தேடும் உள்ளான்களுக்கு நிற்க இடமிருக்காது. ஆழமான நீரில் மூழ்கி மீன் பிடிக்கும் நீர்க்காகத்துக்கும், மிதந்துகொண்டே தாவரம் உண்ணும் நாமக்கோழிக்கும், கரையோரக் கோரைக்குள் ஒளிந்து வாழும் தாழைக்கோழிக்கும் ஒரே குளத்தில் வெவ்வேறு ஆழங்கள் வேண்டும். பட்டுப்போன மரத்தை "சுத்தம்" செய்கிறோம் என்று வெட்டினால் மரங்கொத்தி துளைக்கும் இடமும், அது விட்டுச்சென்ற பொந்தில் குடியேறும் மைனா, கிளி, ஆந்தை ஆகியவற்றின் இடமும் ஒருசேரப் போய்விடும். எதைச் செய்ய வேண்டும் என்பதற்கு முன்னால் எதைத் தொடாமல் விட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டிய பணி இது. அதைத் தெரிந்துகொள்ள அந்த இடத்தில் எந்தப் பறவை எந்த மாதத்தில் எங்கே நிற்கிறது என்ற பதிவு கையில் இருக்க வேண்டும்.

இதோடு, நிலம் குழுவுக்குச் சொந்தமானதாக இருப்பதில்லை. உரிமையாளரின் அல்லது அதற்குப் பொறுப்பான அமைப்பின் எழுத்து அனுமதி இல்லாமல் செய்த வேலை ஒரே நாளில் அழிக்கப்படலாம். மறுபுறம், குழு கலைந்த பிறகும் வேர்பிடித்துவிட்ட நாட்டுமரம் நிற்கும். முதல் மூன்று கோடைகளைத் தாண்டுவதுதான் அதற்குச் சோதனை. ஆகையால் என் அளவுகோலில் இது நடுவே நிற்கிறது: தொடக்க ஆண்டுகளைத் தாண்டிவிட்டால் நெடுங்காலம் மிஞ்சும், அவசரப்பட்டுச் செய்தால் நெடுங்காலம் உறுத்தும்.

கணக்கெடுப்பைப் பற்றிக் கூட்டத்தில் பேசினால் பெரும்பாலும் முகங்கள் வாடிவிடும். "எண்ணிக்கொண்டே இருந்தால் பறவை பிழைத்துவிடுமா?" என்ற கேள்வி வரும். நேர்மையான கேள்வி. எண்ணுவதனால் மட்டும் ஒரு பறவையும் பிழைக்காது. ஆனால் எது அழிகிறது, எங்கே அழிகிறது, எப்போதிலிருந்து அழிகிறது என்பது எண்ணாமல் தெரியாது; அது தெரிந்தவர்கள் பேசினால்தான் அதைத் தடுக்கும் பேச்சு எடுபடும். 1900ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று, அமெரிக்காவில் விடுமுறை நாளில் பறவைகளைச் சுட்டுக் குவிக்கும் போட்டிக்கு மாற்றாக, ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளரின் அழைப்பை ஏற்று 27 பேர் 25 இடங்களில் பறவைகளை எண்ணினார்கள். அன்று தொடங்கிய கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு சனவரியிலும் தன்னார்வலர்களைக் கொண்டே நடந்துவருகிறது. வட அமெரிக்காவில் 1970க்குப் பிறகு ஏறத்தாழ 300 கோடிப் பறவைகள், அதாவது பத்தில் மூன்று பங்கு, இல்லாமற்போயின என்று 2019இல் அறிவியலாளர்கள் அறிவித்தபோது, அந்த முடிவுக்கு அடித்தளமாக இருந்தவற்றுள் பெரும்பகுதி ஊதியம் பெறாத ஆர்வலர்கள் பல பத்தாண்டுகளாகத் திரட்டிய எண்ணிக்கைகள்தான். அதே ஆய்வு, சதுப்புநிலங்கள் காக்கப்பட்டதால் வாத்தினங்கள் பெருகியிருப்பதையும் காட்டியது. செய்தது பலித்ததா இல்லையா என்பதும் எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

கணக்கெடுப்பு என்ற ஒரே சொல்லுக்குள்ளும் பல தேர்வுகள் இருக்கின்றன. குழு அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். போகிற இடத்தில் எல்லாம் பட்டியல் எழுதி, கார்னெல் பறவையியல் ஆய்வகமும் அமெரிக்கப் பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆடுபான் சங்கமும் 2002இல் தொடங்கிய இபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றுவது முதல் வகை. இதற்கு எந்த ஏற்பாடும் வேண்டாம். பார்த்த, கேட்ட எல்லா இனங்களையும் எழுதுவது, எவ்வளவு நேரம் எவ்வளவு தொலைவு நடந்தோம் என்பதைக் குறிப்பது ஆகிய இரண்டையும் கடைப்பிடித்தால் பட்டியலின் மதிப்பு பல மடங்காகிறது. அரிய பறவையை மட்டும் எழுதி, காக்கையையும் மைனாவையும் விட்டுவிடும் பட்டியலால் ஒரு பொதுப் பறவை குறைவதைக் கண்டுபிடிக்க முடியாது. இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய 2023ஆம் ஆண்டின் அறிக்கை 30,000க்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் இவ்வாறு ஏற்றிய மூன்று கோடிப் பதிவுகளிலிருந்து 942 இனங்களை மதிப்பிட்டது. பெரும்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் குறித்த முறைப்படி எண்ணும் வரைபடத் திட்டம் இரண்டாவது வகை. கேரளத்தில் 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்து அப்படி ஒன்றைச் செய்து முடித்தார்கள். அது மாபெரும் பணி. ஐந்தாறு பேரால் தொடங்கக் கூடியதன்று, ஆனால் யாரேனும் தொடங்கினால் ஒரு கட்டத்தைப் பொறுப்பேற்கலாம். மூன்றாவது வகை, ஆண்டுக்கு ஒரு நாள் எல்லோரும் கூடி எண்ணுவது. உற்சாகம் தரும், புதியவர்களைச் சேர்க்கும், ஆனால் ஒரு நாளின் மழையோ பனிமூட்டமோ அந்த ஆண்டின் எண்ணையே மாற்றிவிடும்.

நான் பரிந்துரைப்பது நான்காவது வகையை: ஓரிடம், ஒரே பாதை, மாதம் இருமுறை, அதே நேரம், அதே முறை. கேட்பதற்குச் சலிப்பாகத் தோன்றும். செய்து பார்த்தால் இதைப் போல ஓரிடத்தை அறிமுகப்படுத்துவது வேறொன்றும் இல்லை.

ஒரு நீர்நிலையில் அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். வெளிச்சம் வந்ததும் முதல் நிறுத்தத்தில் நின்று, இருநோக்கியை இடப்பக்க ஓரத்திலிருந்து வலப்பக்கம் நோக்கி ஒரே ஒரு முறை நகர்த்த வேண்டும். பார்த்த பரப்புக்குத் திரும்பக் கூடாது. நாமக்கோழிகள் கரும்புள்ளிகளாக நெருக்கமாக மிதக்கும். முதல் பத்தை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதை மனத்தில் பதித்துக்கொண்டு, பத்து பத்தாகத் தாண்டிச் செல்ல வேண்டும். எண்பதில் இருக்கும்போது பருந்து ஒன்று மேலே வட்டமிட, கூட்டம் முழுவதும் தண்ணீரை அடித்துக்கொண்டு நகர்ந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. முக்குளிப்பானோ இன்னும் சோதிக்கும்: இங்கே மூழ்கி அங்கே எழும், இரண்டு இருக்கின்றனவா, மூன்றா என்று தீர்மானிக்க, மேலே தெரியும்போது ஒரே நேரத்தில் தெரியும் அதிக எண்ணிக்கையை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் எண்ணைச் சொல்ல, மற்றவர் எழுத, மூன்றாமவர் தனியாக எண்ணி வைத்துக்கொண்டு கடைசியில் ஒப்பிடுவது நல்ல பழக்கம். இரண்டு பேரின் எண்ணிக்கை வெகுவாக வேறுபட்டால் சண்டை வேண்டாம். இன்னொரு முறை எண்ணினால் போதும். அடையாளம் உறுதியில்லாத உள்ளானை "உள்ளான் வகை" என்று எழுதுவதற்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவை நான் திறமையைவிட மேலாக மதிக்கிறேன். குரலைக் கேட்டு இனத்தைச் சொல்லும் மெர்லின் போன்ற செயலிகள் பெரிதும் உதவும், ஆனால் செயலி சொன்னது என்பது மட்டுமே பட்டியலில் எழுதக் காரணமாகாது. கண்ணாலோ காதாலோ நாமே உறுதிசெய்த பிறகுதான் எழுத வேண்டும்.

இந்த வகையிலும் குறைகள் உண்டு. ஓரிடத்தின் எண்களை வைத்து ஒரு மாநிலத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. எண்ணுபவர் மாறினால் எண் மாறும். அனுபவம் கூடக்கூடப் பழைய மாதங்களில் தவறவிட்ட இனங்கள் இப்போது கண்ணில் படுவதால், பறவை பெருகாமலே பட்டியல் பெருகும். ஆகவே யார் எண்ணினார்கள் என்பதைப் பெயரோடு எழுத வேண்டும். முதல் ஓராண்டில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடைக்காது என்பதையும் குழுவிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். கூடு வைத்திருக்கும் அரிய பறவையின் இடத்தைப் பொதுவில் வெளியிடுவது புகைப்படக்காரர்களின் கூட்டத்தையும் சில சமயம் வேட்டைக்காரரையும் அழைத்து வரும் என்பதால், அத்தகைய பதிவுகளை மறைத்து வைக்கும் ஒழுங்கு தொடக்கத்திலேயே வேண்டும்.

இத்தனைக்கும் பிறகும் நான் இதை முதலில் வைப்பதற்குக் காரணம் என் அளவுகோல்தான். நான்கு ஆண்டுகள் எண்ணிய குழு ஐந்தாம் ஆண்டு கலைந்தால், அந்த நான்கு ஆண்டுகள் அப்படியே இருக்கும். பதினைந்து ஆண்டுகள் கழித்து வேறு யாரோ அதே கரையில் நின்று எண்ணினால், ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு ஒரு தொடக்கம் கிடைக்கும். பாதியில் நின்றாலும் யாருக்கும் எந்தப் பறவைக்கும் தீங்கில்லை.

இதன் வலிமைக்கு எனக்கு மிகப் பிடித்த சான்று சிகாகோவிலிருந்து வருகிறது. ஏரிக்கரையில் இருக்கும் மெக்கார்மிக் பிளேஸ் என்ற கண்ணாடிச் சுவர் அரங்கில் மோதி இறக்கும் வலசைப் பறவைகளை, ஃபீல்டு அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டேவிட் வில்லார்டு 1978 முதல் காலைதோறும் சென்று பொறுக்கி எடுத்துப் பதிவுசெய்தார். பின்னர் மற்றவர்களும் சேர்ந்தார்கள். பல்லாயிரம் பறவைகள் ஒவ்வொன்றாகக் கணக்கில் ஏறின. 2023 அக்டோபரில் ஒரே இரவில் ஏறத்தாழ ஆயிரம் பறவைகள் அங்கே இறந்தபோது, "இது ஏதோ ஒரு நாள் விபத்து" என்று யாராலும் தட்டிக்கழிக்க முடியவில்லை. நாற்பத்தைந்து ஆண்டுப் பதிவு முன்னே நின்றது. மறு ஆண்டு அந்தக் கண்ணாடிகள்மீது நெருக்கமான புள்ளிகள் கொண்ட மென்படலம் ஒட்டப்பட்டது. அந்த இலையுதிர்கால வலசையில் இறப்பு ஏறத்தாழ 95 விழுக்காடு குறைந்தது. மனு எழுதுவதும் அதிகாரிகளைச் சந்திப்பதும் ஒரு குழுவின் பணியாகலாமா என்று கேட்பவர்களுக்கு இதுவே என் பதில்: ஆகலாம், கையில் நாள் குறித்த எண்களோடு போனால்.

விதிவிலக்கு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். குழு இயங்கும் இடத்திலேயே கூட்டமாகக் கூடு வைக்கும் அரிய இனம் ஏதேனும் ஆபத்தில் இருந்தால், கணக்கெடுப்பு முதலா என்று விவாதிக்க நேரமில்லை. அஸ்ஸாமில் ஹர்கிலா என்று அழைக்கப்படும் ஆளுயர நாரை, மக்கள் வீட்டு மரங்களில் கூடு வைக்கும். அதன் எச்சமும் அது கொண்டுவரும் அழுகிய இரையும் நாறுவதால் மரத்தை வெட்டிவிடுவார்கள். 2007இல் குஞ்சுகளோடு அப்படி ஒரு மரம் வெட்டப்பட்டதைக் கண்ட உயிரியலாளர் பூர்ணிமா தேவி பர்மன், அப்போது செய்துகொண்டிருந்த முனைவர் பட்ட ஆய்வைத் தள்ளிவைத்துவிட்டு அந்த ஊர்ப் பெண்களோடு பேசத் தொடங்கினார். ஹர்கிலாப் படை என்று பெயர்பெற்ற அந்தப் பெண்கள் குழு பல்லாயிரம் பேராக வளர்ந்தது; தாதரா, பச்சாரியா ஊர்ப்பகுதியில் 28 ஆக இருந்த கூடுகள் 250ஐத் தாண்டின. எந்தப் பெட்டியும் பட்டியலும் அந்த இடத்தில் முதல் பணியாகியிருக்க முடியாது. மரத்துக்குச் சொந்தக்காரரின் மனம் மாறுவதே முதல் பணியாக இருந்தது. உங்கள் பகுதியில் அப்படிப்பட்ட கூட்டிடம் இருந்தால், மேலே நான் சொன்ன வரிசையை ஒதுக்கிவிட்டு அதையே பற்றிக்கொள்ளுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளோடும் புதியவர்களோடும் நடை போவதை நான் ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. குழு உயிரோடு இருக்க அது வேண்டும், ஆனால் அதைக் கணக்கெடுப்பு நாளோடு கலக்கக் கூடாது. இருபது பேர் பேசிக்கொண்டு நடக்கும் பாதையில் எடுத்த எண்ணை, மூன்று பேர் அமைதியாக நடந்து எடுத்த எண்ணோடு ஒப்பிட முடியாது. மாதத்தின் முதல் ஞாயிறு எண்ணுவதற்கு, மூன்றாம் ஞாயிறு எல்லோருக்கும் என்று பிரித்துவிட்டு, மாதத்தின் இரண்டாம் கணக்கெடுப்பை வார நாள் ஒன்றில் இருவர் மட்டும் செய்தால் இரண்டும் நிற்கும்.

ஆக, முடிவெடுக்க வேண்டிய குழுவுக்கு என் வரிசை இது. ஆபத்தில் இருக்கும் கூட்டிடம் உண்டானால் அது. இல்லையேல் ஓரிடக் கணக்கெடுப்பு, குறைந்தது இரண்டு முழு ஆண்டுகள். அந்தப் பதிவில் ஓர் இனமோ ஓர் இடமோ குறைவதாகத் தெரிந்தால், அதையொட்டிய வாழிடப் பணி, மரம் நடுவதானாலும் கோரையை விட்டுவைப்பதானாலும் சரி. பொந்துப் பற்றாக்குறைதான் காரணம் என்று தெளிவாகத் தெரிந்து, துடைத்துப் பராமரிக்க இரண்டு பேர் பெயர் கொடுத்த பிறகு மட்டும் கூட்டுப்பெட்டி.

தொடங்குவதற்கு அதிகம் தேவையில்லை. ஒரு மணி நேரத்தில் நடந்து முடியக்கூடிய, எல்லோரும் எளிதில் வந்துசேரக்கூடிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அரிய பறவை வரும் தொலைவான இடத்தைவிடச் சாதாரணப் பறவைகள் இருக்கும் பக்கத்து இடமே நல்லது, ஏனென்றால் மழை பெய்த மறுநாளும் அங்கே போவீர்கள். நிறுத்தங்களைக் கையால் வரைந்த வரைபடத்தில் குறியுங்கள். ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் செய்யும்படி இரண்டு பேரைப் பொறுப்பாக்குங்கள். தாளில் எழுதியதை அன்றைக்கே தளத்தில் ஏற்றி, தாளையும் தூக்கி எறியாமல் கோப்பில் வையுங்கள். கோடையில் குளம் வற்றி, கரை வெடித்து, ஒரு நீர்ப்பறவைகூட இல்லாத காலையிலும் போய் நின்று, வழக்கமான நேரம் முழுவதும் பார்த்துவிட்டு, வழக்கமாக அங்கே வரும் ஒவ்வொரு நீர்ப்பறவையின் பெயருக்கு எதிரேயும் சுழியம் என்று எழுதுங்கள்.